மடக்குக் கத்தியின் பூட்டு நழுவுகிறதா, சிக்குகிறதா, ஆடுகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்க

மடக்குக் கத்தி விளம்பரங்களில் பூட்டின் வலிமையைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். இத்தனை கிலோ தொங்கவிட்டோம், உடையவில்லை என்பார்கள். ஆனால் கையில் வைத்து வேலை செய்யும்போது பூட்டு உடைந்து கத்தி மடங்குவது அபூர்வம். பெரும்பாலும் எந்தப் பாகமும் உடையாது. பூட்டு தன் இடத்தைவிட்டு நழுவும், அவ்வளவுதான். உலோகம் முழுசாக இருக்கும், விரல் வெட்டுப்பட்டிருக்கும். வலிமையான பூட்டு, நம்பகமான பூட்டு இரண்டும் ஒன்று என்று நினைப்பதால்தான் பலரும் கோளாறைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

எங்கே தேட வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அச்சிலிருந்து (பிளேடு சுழலும் ஊசியிலிருந்து) 8 செ.மீ. தள்ளி, பிளேடின் முதுகில் 5 கிலோ அழுத்தம் விழுவதாக வைத்துக்கொள்வோம். பூட்டு பிளேடைத் தாங்கும் இடம் அச்சிலிருந்து சுமார் 7 மி.மீ. தூரத்தில்தான் இருக்கும். 80-ஐ 7-ஆல் வகுத்தால் 11-க்கு மேல் வரும். அதாவது நீங்கள் கொடுத்த 5 கிலோ அங்கே போய்ச் சேரும்போது 57 கிலோ. அதைத் தாங்குவது சில சதுர மில்லிமீட்டர் அளவே உள்ள இரண்டு உலோக முகங்கள். அந்த முகங்களில் கொஞ்சம் எண்ணெய், ஒரு நூல் துணுக்கு, லேசான தேய்மானம் இருந்தால் போதும், எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

சோதிக்கும் முன்

உங்கள் கத்தியில் இருப்பது எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியை, அதாவது பிடிக்குள் இருக்கும் அதன் பின்முனையைத் தாங்கினால் லைனர் லாக். பிடியின் ஒரு பக்கமே பிளந்து அந்த வேலையைச் செய்தால் ஃப்ரேம் லாக். பிடியின் முதுகில் உள்ள பூட்டுக் கம்பியை அழுத்தி விடுவிப்பது பேக் லாக். 1964-இல் விற்பனைக்கு வந்த பக் 110 கத்தி இந்த வகையைப் பரவலாக்கியது. பிடியின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குறுக்குக் கம்பியைப் பின்னால் இழுத்து விடுவிப்பது ஆக்சிஸ் லாக் வகை. கழுத்தில் சுழலும் வளையம் இருந்தால் ஓபினெல் பாணி. இவை எதுவுமே இல்லாமல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் கத்திகளும் உண்டு. பலருடைய சட்டைப்பையில் இருக்கும் சிறிய விக்டோரினாக்ஸ் அப்படித்தான். அது மடங்கினால் கோளாறு இல்லை, அதன் இயல்பே அது.

சோதிக்கும்போது கூர்ப் பக்கத்தை ஒட்டும் நாடாவால் நான்கைந்து சுற்றுச் சுற்றிவிடுங்கள். பிடியை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க வேண்டாம். பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்து, பிளேடு மடங்கி வரும் பள்ளத்தின் குறுக்கே எந்த விரலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேடின் முதுகை மேசை விளிம்பில் வைத்து, மெதுவாக, படிப்படியாக அழுத்துங்கள். ஃப்ரேம் லாக் என்றால் பூட்டுத் தகட்டின் மேல் விரல் படவே கூடாது. பட்டால் உங்கள் விரல்தான் பூட்டைத் தாங்கும், சோதனை வீண்.

சிலர் கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்துப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடிக்கும் அதிர்ச்சியில் பூட்டுத் தகடு ஒரு கணம் துள்ளி விலகலாம். அது நிதானமான அழுத்தத்தில் நிற்குமா என்பதற்கு அந்த அடி பதில் சொல்வதில்லை. அதோடு, நன்றாக இருந்த தொடுமுகத்தையும் நசுக்கிவிடும். பத்து முறை ஓங்கி அடித்து ‘பாஸ்’ ஆன கத்தி, அடிப்பதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான கத்தி.

பிளேடு இடவலமாக ஆடுகிறது

இதை முதலில் சரிசெய்துவிடுங்கள். அச்சு தளர்ந்து பிளேடு சாய்ந்தால் பூட்டு தொடும் இடமும் மாறிவிடும். மற்ற சோதனைகள் எல்லாம் குழப்பமான பதிலே தரும். அச்சு ஸ்குருவை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு இறுக்குங்கள், திறந்து மூடிப் பாருங்கள், மறுபடி இறுக்குங்கள். பெரும்பாலும் டார்க்ஸ் (நட்சத்திர முனை) டி8 அல்லது டி10 பிட் வேண்டியிருக்கும். அளவு சரியில்லாத பிட்டைப் போட்டால் ஸ்குருவின் தலை மழுங்கிவிடும். இறுக்கியது நிற்காமல் தானே கழன்றுகொண்டிருந்தால், மரையில் நீல நிற லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போதும். பேரிங்கிலோ வாஷரிலோ அது படக்கூடாது.

பிளேடு நகரவே முடியாத அளவுக்கு இறுக்கியும் ஆட்டம் போகவில்லை என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது அச்சுத் துளை பெரிதாகிவிட்டது. வாஷரை மாற்றலாம். துளை பெரிதானால் தயாரிப்பாளரிடம் அனுப்புவதுதான் வழி.

முதுகை அழுத்தினால் பூட்டு நழுவிக் கத்தி மடங்குகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி இதுதான். கோளாறு தெரியும்வரை அந்தக் கத்தியால் எதையும் வெட்டாதீர்கள்.

லைனர் லாக், ஃப்ரேம் லாக் இரண்டிலும் பிளேடின் அடிமுகம் நேராக வெட்டப்பட்டிருக்காது. பொதுவாக 7 முதல் 10 டிகிரி வரை சாய்ந்திருக்கும். பூட்டுத் தகடு ஆப்புப் போல அந்தச் சாய்வில் ஏறி உட்காருகிறது. அதை அங்கேயே நிறுத்தி வைப்பது உராய்வு. 8 டிகிரி சாய்வு நிற்க வேண்டுமானால் உராய்வுக் கெழு 0.14-க்கு மேல் இருக்க வேண்டும். உலர்ந்த உலோகத்தில் அது தாராளமாகக் கிடைக்கும். எண்ணெய் படர்ந்த எஃகு முகங்களில் அதே கெழு 0.1-ஐ ஒட்டி இறங்கிவிடக்கூடும். அப்போது தகட்டைப் பிடித்து வைக்க அதன் ஸ்பிரிங் விசை மட்டுமே மிச்சம்.

ஆகவே முதல் வேலை துடைப்பது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பூட்டுத் தகட்டின் முனையையும் பிளேடின் அடிமுகத்தையும் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். உலர்ந்ததும் மறுபடி அழுத்திப் பாருங்கள். அச்சுக்கு எண்ணெய் விட்டவர்கள் கத்தியை மூடி வைத்துவிடுவார்கள், எண்ணெய் மெல்ல வழிந்து இந்த முகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். நழுவல் கோளாறுகளில் பல இந்தத் துடைப்பிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா? கத்தியை மெதுவாகத் திறந்து ஒருமுறையும், வேகமாகச் சுண்டித் திறந்து ஒருமுறையும் சோதியுங்கள். வேகமாகத் திறந்தால் நிற்கிறது, மெதுவாகத் திறந்தால் நழுவுகிறது என்றால் தகடு போதுமான தூரம் உள்ளே போகவில்லை. அதன் வளைவு தளர்ந்திருக்கலாம், பிடியின் உள்ளே அழுக்கு தடுக்கலாம். நல்ல பூட்டில் தகடு பிளேடு அடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்குமாவது ஏறியிருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டு நிற்பது எனக்குப் போதாது.

அப்புறம் மார்க்கர் சோதனை. பிளேடின் அடிமுகத்தில் கறுப்பு மார்க்கரால் பூசி, காய்ந்தபின் சிலமுறை திறந்து மூடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் பூட்டு தொடுகிறது. ஒரு சீரான பட்டையாக அழிந்திருந்தால் நல்லது. மூலையில் முடி அகலக் கோடு மட்டும் தெரிந்தால் இரு முகங்களும் பொருந்தவில்லை. இந்த நிலைமையில் அரத்தை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். 8 டிகிரி சாய்வில் 0.1 மி.மீ. உலோகத்தைத் தேய்த்தாலே பூட்டுத் தகடு கூடுதலாக 0.7 மி.மீ. உள்ளே போய்விடும். 3 மி.மீ. கனமுள்ள பிளேடில் அது கிட்டத்தட்ட கால் பங்கு. கையால் அரம் பிடித்துக் கோணத்தையும் காப்பாற்றி, 0.1 மி.மீ.யையும் தாண்டாமல் இருப்பது அனுபவப்பட்ட கத்தி செய்பவருக்கே கடினம். தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள்.

பேக் லாக்கில் கதை வேறு. அங்கே சாய்வும் உராய்வும் இரண்டாம்பட்சம். பூட்டின் பல், பிளேடின் காடிக்குள் முழுசாக இறங்கியதா என்பதே முக்கியம். காடி சின்னதாக, அடைத்துக்கொள்ள வசதியான பள்ளமாக இருப்பதால் பை நூல், மரத்தூள், காய்ந்த பசை எல்லாம் அங்கே போய் அமுங்கிக் கல்லாகிவிடும். ‘க்ளிக்’ என்று சத்தமும் வரும், ஆனால் பல் பாதிதான் இறங்கியிருக்கும். கத்தி புதிதாக இருந்தபோது பூட்டுக் கம்பி பிடியின் முதுகோடு எந்த மட்டத்தில் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இப்போது அதன் பின்முனை அமிழ்ந்தோ முன்முனை மேலே தூக்கியோ இருந்தால் காடியில் ஏதோ இருக்கிறது. மரக்குச்சியால் குத்தி எடுங்கள். ஊசியால் சுரண்டினால் காடியின் விளிம்பு கீறலாம். சுத்தம் செய்தும் நழுவினால் காடியின் விளிம்பு உருண்டு தேய்ந்திருக்கிறது, அல்லது பின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

மேசையில் அழுத்தினால் நிற்கிறது, கையில் வேலை செய்யும்போது விடுபடுகிறது

இப்படி இருந்தால் பூட்டைவிட உங்கள் பிடிமானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லைனர் லாக்கில் தகட்டின் ஓரம் வெளியே தெரியும்படி பிடியில் ஒரு வெட்டு இருக்கும். இறுக்கிப் பிடித்து முறுக்கும்போது ஆள்காட்டி விரலின் சதை அந்த ஓரத்தைத் தள்ளிவிடுகிறது. பேக் லாக்கில் உள்ளங்கை விடுவிப்புப் பகுதியையே அழுத்திவிடும். கத்தி வடிவமைப்பாளர் டேவிட் பாய் இதற்கு ஒரு நல்ல தீர்வு கண்டார்: பூட்டுக் கம்பியில், அழுத்தும் இடத்தில் ஒரு சின்னக் குழிவு. இறுக்கிப் பிடித்தாலும் கை அந்தக் குழிக்குள் இறங்காது. ஸ்பைடர்கோவின் பல கத்திகளில் இதைப் பார்க்கலாம்.

முறுக்குவிசை இன்னொரு காரணம். கெட்டியான பொருளில் பிளேடு மாட்டிக்கொண்டதும் கையைத் திருகி இழுப்போம். அப்போது பிடி நெளிகிறது, பிளேடு ஒரு பக்கம் சாய்கிறது, தகடு சாய்வில் சறுக்கி இறங்குகிறது. பிடியின் ஸ்குருக்கள் தளர்ந்திருந்தால் இந்த நெளிவு இன்னும் அதிகமாகும். எல்லா ஸ்குருவையும் இறுக்கிப் பாருங்கள். ஃப்ரேம் லாக் இந்த விஷயத்தில் ஒரு படி மேல், ஏனென்றால் இறுக்கிப் பிடிக்கும் விரல்கள் தகட்டை உள்ளேயே தள்ளுகின்றன. கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் இந்த அமைப்பைக் கொண்டுவந்ததன் சிறப்பு அதில்தான் இருக்கிறது. எப்படியானாலும் நெம்புவது, குத்திக் குடைவது, முதுகைத் தட்டிப் பிளப்பது ஆகியவற்றுக்கு மடக்காத கத்தியை எடுங்கள். எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் என் பதில் இதுதான்.

பூட்டு சிக்கிக்கொள்கிறது, விடுவிக்க விரல் வலிக்கிறது

நழுவலுக்கு நேர் எதிரான கோளாறு, ஆனால் அதே சாய்வின் மறுபக்கம். கோணம் அதிகமானால் தகடு நழுவும். குறைந்தால் ஆப்பு இறுகிச் சிக்கும். டைட்டானியம் தகடு உள்ள கத்திகளில் இது மிகச் சாதாரணம். டைட்டானியம் எஃகோடு அழுத்தமாக உரசும்போது துகள் துகளாகப் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. புதுக் கத்தியில் தொடக்கத்தில் இருக்கும் சிக்கல் பழகப் பழகக் குறையும்.

இங்கேதான் நிறையப் பேர் எண்ணெய்க் குப்பியை எடுக்கிறார்கள். மேலே சொன்ன உராய்வுக் கணக்கை மறுபடி பாருங்கள்: சிக்கலுக்குப் போட்ட எண்ணெய் நழுவலைக் கொண்டுவரும். விரல் வலி போய், விரலே போகும் நிலைமை வரலாம். எண்ணெய்க்குப் பதிலாக மார்க்கர் மையையோ பென்சில் கரியையோ அடிமுகத்தில் மெல்லிசாகப் பூசிப் பாருங்கள். சிக்கல் குறையும், சில நாளில் அழிந்துவிடும், தேவைப்பட்டால் மறுபடி பூசலாம். பூசியதும் முதுகு அழுத்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். கரியும் உராய்வைக் குறைக்கத்தான் செய்கிறது. கூடவே, எப்போதும் முழு வேகத்தில் சுண்டித் திறக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் குறையுங்கள். ஒவ்வொரு அடியிலும் தகடு சாய்வில் இன்னும் ஆழமாகப் போய் இறுகுகிறது. பல டைட்டானியம் கத்திகளில் தகட்டின் முனையில் தனி எஃகுத் துண்டு பொருத்துவது இந்தச் சிக்கலையும் தேய்மானத்தையும் குறைக்கத்தான். அது தேய்ந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

திறந்த நிலையில் பிளேடு மேலும் கீழும் ஆடுகிறது

லைனர், ஃப்ரேம் லாக்கில்: பிளேடை மெல்ல ஆட்டிக்கொண்டே கட்டைவிரலால் பூட்டுத் தகட்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் தகடு முழுசாக உட்காரவில்லை. முகங்களைத் துடைத்துவிட்டுத் தகட்டின் ஸ்பிரிங் விசையைப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் ஸ்டாப் பின் (திறந்த பிளேடு மோதி நிற்கும் சின்ன ஊசி) தளர்ந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது. சில கத்திகளில் ஸ்டாப் பின்னைச் சற்றே சுழற்றி, தேயாத பக்கத்தைத் திருப்பி வைத்தாலே ஆட்டம் போய்விடும்.

பேக் லாக்கில் மயிரிழை அளவு ஆட்டம் இருப்பது பெரும்பாலும் கோளாறு ஆகாது. பூட்டுக் கம்பி சுழலும் ஊசிக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். அந்த ஆட்டம் நாளாக நாளாக வளர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்து கோல்ட் ஸ்டீல் பயன்படுத்திய ட்ரை-ஆட் லாக்கில், பிளேடுக்கும் பூட்டுக் கம்பிக்கும் நடுவே ஒரு ஸ்டாப் பின்னை வைத்து அழுத்தத்தை அதற்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கம்பி நகர இடம் விட்டிருப்பதால் தேய்ந்தாலும் தானே இறங்கி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். பேக் லாக்கின் குறையை இவ்வளவு எளிமையாகத் தீர்த்த வேறொரு யோசனை எனக்குத் தெரியாது.

பூட்டுத் தகடு மறுபக்கச் சுவர்வரை போய்விட்டது

தேய்மானத்தின் கடைசிக் கட்டம். 0.1 மி.மீ. தேய்ந்தால் 0.7 மி.மீ. நகரும் என்று பார்த்தோம், அந்தக் கணக்குதான் இங்கே காலப்போக்கில் நடந்திருக்கிறது. தகடு எதிர்ச்சுவரைத் தொட்ட பிறகு இன்னும் தேய்ந்தால் நிரப்ப இடமில்லை, மேல்கீழ் ஆட்டம் தொடங்கும். சற்றுப் பெரிய விட்டமுள்ள ஸ்டாப் பின்னைப் போட்டால் பிளேடு நிற்கும் இடம் மாறி, தகடு பழையபடி முன்னே தள்ளி நிற்கும். தயாரிப்பாளர் அப்படியொரு பின் கொடுத்தால் மாற்றுங்கள். தகட்டைக் கையால் வெளிப்பக்கம் வளைத்து ‘சரிசெய்ய’ வேண்டாம். ஸ்பிரிங் விசை செத்துவிடும். ஃப்ரேம் லாக்கை விடுவிக்கும்போது அளவுக்கு மீறி வெளியே இழுப்பதும் அதையேதான் செய்கிறது. ரிக் ஹிண்டரர் தன் கத்திகளில் வைத்த வட்டத் தடுப்பு, தகடு ஓரளவுக்கு மேல் வெளியே வராமல் காப்பதற்காக.

குறுக்குக் கம்பி ஒரு பக்கம் மந்தமாக நகர்கிறது

ஆக்சிஸ் வகைப் பூட்டில் கம்பியைப் பின்னாலிருந்து தள்ளுவது இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள், பக்கத்துக்கு ஒன்று. நாளாக உழைத்தபின் இவற்றில் ஒன்று முறிவது உண்டு. மற்றது தனியாகவே பூட்டை இயக்கிவிடும் என்பதால் உடனே தெரியாது. கம்பி சாய்ந்து நிற்கும், அல்லது இழுக்கும்போது ஒரு பக்கம் தளர்வாகத் தெரியும். பூட்டின் தாங்கும் வலிமை கம்பியில்தான் இருக்கிறது, ஸ்பிரிங்கில் இல்லை. ஆனாலும் கம்பி முழுசாக முன்னே வந்து உட்காருவதற்கு இரண்டும் வேண்டும். இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முறிந்த துண்டு உள்ளே கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

மூடியிருக்கும்போது தானாகத் திறக்கிறது

லைனர், ஃப்ரேம் லாக்கில் தகட்டில் பதித்த ஒரு சின்ன உருண்டை, பிளேடில் உள்ள குழியில் உட்கார்ந்து மூடிய நிலையைக் காக்கிறது. குழியில் அழுக்கு அடைத்திருந்தாலோ உருண்டை தேய்ந்திருந்தாலோ பையிலேயே நுனி வெளியே வந்து நிற்கும். குழியைச் சுத்தம் செய்தும் தலைகீழாக உதறினால் திறக்கிறது என்றால் அதைப் பையில் போடாதீர்கள்.

சுழல் வளையம் இறுக மறுக்கிறது

ஓபினெல் கத்தியில் இந்த வளையத்தை 1955-இல் மார்செல் ஓபினெல் கொண்டுவந்தார். 2000-இலிருந்து மூடிய நிலையிலும் அது பூட்டுகிறது. இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். ஈரம் பட்டு மரப்பிடி ஊதினால் பிளேடே நகராது. அதற்கும் வளையத்துக்கும் சம்பந்தமில்லை. நிழலில் நிதானமாக உலரவிடுங்கள், அடுப்புச் சூட்டில் காட்டினால் மரம் வெடிக்கும். வளையம் லூசாகச் சுற்றி, லேசாகத் தட்டினாலே பூட்டு விலகுகிறது என்றால் வளையம் விரிந்திருக்கிறது. வளையத்தை விரிக்கும் இடுக்கியால் அதைக் கழற்றி, பிளவு சற்றே குறையும்படி அழுத்தி மறுபடி மாட்டுங்கள். அதிகம் அழுத்தினால் சுற்றவே வராது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக. மாட்டியபின் பிளேடைத் திறந்து பூட்டி முதுகை அழுத்துங்கள். வளையம் தானாகத் திரும்பினால் இன்னும் இறுக வேண்டும், திரும்பாமல் நின்றால் வேலை முடிந்தது.